சட்டங்களுக்கு இடையில்

எட்டுக்கும் நாலுக்கும் இடையில் வருவார்கள் என்று
ஃபோனில் செய்தி.
எட்டுக்கு வந்துவிட்டேன் நான்.

ஏஜாக்ஸ். வெளியே மைனஸ் பதினாலு.
பற்குணம் அண்ணையின் பேஸ்மென்ற்
தோல் உரித்த ஆடுபோல நிற்கிறது.
பதினாறு அங்குலத்துக்கு ஒரு மரச்சட்டம்,
சட்டத்துக்குச் சட்டம் துளைத்து
நான் இழுத்த வெள்ளை வயர்.
பார்க்கிறவர் பார்த்துவிட்டுப் போகும்வரை
சுவரை மூடக்கூடாது.
அதுவும் சட்டம்.
இரண்டுக்கும் ஒரே சொல்லை வைத்தவன்
எங்கேயோ ஒருநாள்
இப்படிக் காத்துக்கொண்டு இருந்திருப்பான்.

சுவர்ப்பலகை அடிக்க வந்த மிரோஸ்லாவ்
எஞ்சினை நிறுத்தாமல் வாசலில் இருக்கிறான்.
அவனுடைய மணித்தியாலமும்
என் கணக்கில்தான் ஓடுகிறது.
இரண்டாவது தேத்தண்ணியோடு அண்ணை படியிறங்கி,
"தம்பி, உந்தப் பேர்மிற் இல்லாமல் செய்யேலாதே?
என்ரை மச்சானுக்கு ஒருத்தன் கைக்காசுக்குச் செய்தவன்,
பாதி விலை.
லைற் எரியுதுதானே."

எரியும் அண்ணை.
லைற் மட்டுமா எரியும்.
சொல்லவில்லை. தேத்தண்ணியைக் குடித்தேன்.

என் பெயருக்கு ஒரு லைசென்ஸ்,
என் கொம்பனிக்கு இன்னொன்று.
கொம்பனி என்பதும் நான்தான்:
ஒரே ஏணி, ஒரே முழங்கால் வலி.
மாஸ்ரர் என்ற தாளுக்கு ஒரு பரீட்சை,
கோட்டைவிட்ட முதல் தடவைக்கும்
குறையாத அதே கட்டணம்.
பிறகு, சில வருடத்துக்கு ஒருமுறை
தடித்துக்கொண்டு வரும் விதிப்புத்தகம்.
வாங்காவிட்டால் விதி தெரியாதவன்.
விலையைப் பார்த்தால்
என் விதி தானாக விளங்கும்.

போன கிழமை கார்த்திகாயினி வீட்டில்
ஒரேயொரு பிளக் பொயின்ற் மாற்றினேன்.
அதை அறிவிக்கிற கட்டணம்
என் கூலியைவிட ஒன்பது டொலர் கூட.
சின்னப்பிள்ளையோடு தனியே இருக்கிறா,
கேட்க வாய் வரவில்லை.
கூலியை அப்படியே கட்டி
ஒன்பதை என் பொக்கெற்றிலிருந்து மேலே வைத்தேன்.

அண்ணையின் மச்சானுக்குச் செய்து கொடுத்தவனைப்
பார்க்க ஒருவரும் வருவதில்லை.
அவன் எங்கேயும் பதியவில்லை.
பதிந்தவன் வேலையைத்தான் ரோர்ச் அடித்துப் பார்க்கிறார்கள்.
காசு கட்டி
என் விலாசத்தை நானே கொடுத்திருக்கிறேன்.

மூன்று நாற்பதுக்கு டெனீஸ் வந்தா.
சப்பாத்துக்கு நீல உறை மாட்டினா.
"இண்டைக்கு இது பதினோராவது வீடு" என்கிற மாதிரி
ஆங்கிலத்தில் ஏதோ சொன்னா.
நான் மணிக்கூட்டைப் பார்த்தேன்:
நாலு நிமிடம்.
அதில் மூன்றாவது நிமிடம்
குளியலறைப் பக்கத்துச் சட்டத்தில் நின்று
ஒற்றை விரலால் தொட்டா.

ஒரு ஸ்ரேப்பிள்
வயரின் தோலைக் கடித்திருந்தது.
உள்ளே செம்பு,
நகக்கண் அளவு.

அந்த அடி எனக்கு நினைவிருக்கிறது.
செவ்வாய் இரவு, பத்தரை.
இந்தப் பரிசோதனைக் காசை
அண்ணையின் பில்லில் எங்கே ஒளிப்பது என்று
மனதுக்குள் கூட்டிக்கொண்டே
சுத்தியலை ஒரு தடவை கூட இறக்கினேன்.

மிரோஸ்லாவ் போய்விட்டான்.
டெனீஸும்.
திட்டுவதற்கு ஆளில்லாமல்
கொஞ்ச நேரம் வாளியைக் கவிழ்த்து அதில் இருந்தேன்.
மேலே அண்ணை யாருக்கோ
வாடகை சொல்லிக்கொண்டிருந்தார்:
படிக்கிற பெடியனாம், தனி ஆள், மார்ச் முதலாம் திகதி.
கட்டில் போடக்கூடிய சுவர் ஒன்றுதான்.
இதுதான்.

கறுத்த ரேப் பையில் இருந்தது.
எடுக்கவில்லை.
முழு வயரையும் உருவி எறிந்துவிட்டு
சுவிட்ச் பெட்டியிலிருந்து புதிதாக இழுத்தேன்.
ஏழரை ஆயிற்று.
இதை எந்தப் பில்லிலும் எழுதேலாது.

மறுபரிசோதனைக் காசை
வாகனத்துக்குள் இருந்து, கையுறையைப் பல்லால் கழற்றி,
ஃபோனில் கட்டினேன்.
கிடைத்தது, நன்றி என்று வந்தது.
வியாழக்கிழமையாம்.
எட்டுக்கும் நாலுக்கும் இடையில்.