இடது பக்கம்

வலிக்கவில்லை. அதுதான் பிரச்சினை.
சோப்பு வழுக்கிய இடத்தில்
கடலைப்பருப்பு அளவுக்கு ஒரு கெட்டி.
ஐந்து மாதம் அதை
பைக் சீட்டு என்றேன், சூடு என்றேன்.
வேறு யாரிடமும் சொல்ல முடியாததால்
என்னிடமே சொல்லிக்கொண்டேன்.

தருமபுரி பெரியாஸ்பத்திரியில்
ஸ்கேன் எடுத்த பையன் என்னைவிட இளையவன்.
பாதியில் திரையைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டான்.

தொழில் என்ன என்று கேட்ட பெண்ணிடம்
'மருந்து அடிக்கிறது' என்றேன்.
'மெடிக்கல் ஷாப்பா?'
இல்லைங்க, மாந்தோப்பு.
சந்தூர், மத்தூர், பர்கூர் சுற்றிலும்
பூ எடுத்ததிலிருந்து பிஞ்சு பட்டாணி ஆகிறவரை
டேங்குக்கு இவ்வளவு என்று கூலி.
நீளமாகச் சொன்னேன் போலிருக்கிறது.
'கூலி' என்று மட்டும் எழுதினாள்.

டாக்டர் ரெஹானா விதை என்றே சொன்னார்.
ஒரு விதையை எடுத்துவிட வேண்டும்,
சீக்கிரம் வந்திருந்தால் நல்லது,
இப்பவும் குணமாகும், பயப்படாதே.
எனக்கு அந்த நேரத்தில் தோன்றியது இதுதான்:
சந்தூரில் யாரும் விதை போட்டு மரம் வளர்ப்பதில்லை,
எல்லாம் ஒட்டு.
கூழ் ஃபேக்டரிக்குப் பின்னால்
கொட்டை மலைபோல் கிடந்து நாறும்.

'சின்ன வயசுல ஒரு பக்கம் இறங்காம இருந்துச்சா?'
நான் வாய் திறக்கும் முன்
கதவோரம் நின்ற அம்மா சொன்னாள்:
'ஆமாங்க, இடது பக்கம்.
தானா இறங்கும்னாங்க.
நாலாவது படிக்கறப்ப ஆபரேசன் பண்ணோம்.'
இருபத்தேழு வருடத்தில்
அம்மா என் முன்னால் அதைப் பேசியதில்லை.

அப்படி இருந்தவர்களுக்கு இது வர வாய்ப்பு கூட.
அது ஏன் இறங்கவில்லை என்று கேட்டால்
பல காரணம் இருக்கலாம் என்றார் டாக்டர்.
சில ரசாயனம் உடம்புக்குள் போய்
ஹார்மோன் பேரைச் சொல்லி நிற்கும்,
அடுத்தவன் ரேஷன் கார்டில் அரிசி வாங்கிப் போகிறவன்போல.
கருவிலேயே நடக்கலாம் என்று சந்தேகப்படுகிறார்கள்.
இந்த டப்பாதான் என்று கைகாட்ட
என்னால் முடியாது, அம்மா.

'எத்தனையாவது மாசத்துலங்க?'

'முதல் மூணு மாசம்னு சொல்றாங்க.
ஆனா உங்களுக்கு அப்படித்தான்னு...'

அம்மா கேட்கவில்லை.
நான் ஆடியில் பிறந்தவன்;
அதனால் வந்தது என்று ஊரிடம்
ஏற்கெனவே ஒரு காரணம் இருந்தது.
ஆடி, ஆனி, வைகாசி என்று
விரலைப் பின்னோக்கி மடித்து
மார்கழியில் நிறுத்தினாள்.
மா மொட்டுவிடும் மாதம்.
ட்ரம்மில் தண்ணீர், வெள்ளைப் பொடி,
கலக்கக் குச்சி கிடைக்காத அவசரம்.
முழங்கைவரை வெள்ளையாக இருக்கும் என்று
ஒருமுறை சிரித்தபடி சொல்லியிருக்கிறாள்.

ஆபரேஷனுக்குப் பிறகு மூன்று சுற்று மருந்து.
பையை மாட்ட வந்த நர்ஸ்
இரண்டு ஜோடி கையுறை, முகமூடி, மேலங்கி.
ஒரு சொட்டு தன்மேல் படக்கூடாதாம்.
நல்லது, நியாயம்தான்.
என் முதுகில் டேங்கு மாட்டிய திம்மராயன்
தலைக்கு ஒரு துண்டு கட்டிக்க என்றான்.

முடி கொட்டிய வாரம் அவனே போன் செய்தான்.
'பூ பிரமாதமா எடுத்திருக்கு, எப்ப வர்ற?'
அம்மா போனை வாங்கி அணைத்தாள்.
கொல்லைக்குப் போய்
குளிக்கத் தண்ணீர் மொள்ளும் பழைய டப்பாவை
எடுத்து வந்து கோமளாவிடம் நீட்டினாள்.
'என்ன எழுதியிருக்கு, படி.'

கோமளாவுக்கு நாள் தள்ளி எட்டு நாள்,
எனக்கு மட்டும் தெரியும்.
அழிந்தது போக மிச்சத்தை
எழுத்துக் கூட்டிப் படித்தாள்.
தொகுதி எண். காற்றடிக்கும் திசை.
முறிவு மருந்து: குறிப்பாக ஏதுமில்லை.
குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் வைக்கவும்.

'அந்தக் கடைசியத் திரும்பப் படி.'

படித்தாள்.

'எட்டாத இடம்னா,' என்றாள் அம்மா,
கோமளாவைப் பார்க்காமல்,
'எந்த இடம்?'