இரண்டாம் ‘ஐ’

திங்கள்சந்தை, பேருந்து நிலையத்துக்குப் பின்னால்,
பெயின்ட் கடை மாடியில் என் அறை.
இரவு பதினொன்றே முக்கால்.
கீழே ஷட்டர் இறங்கியாயிற்று.
டர்பன்டைன் வாடை மட்டும்
படியேறி வந்து உட்கார்ந்திருக்கிறது.

திரையில் பொத்தான் செய்பவள் இல்லை நான்.
பொத்தான், பட்டி, சாளரம் எல்லாம்
எப்படிச் செய்வது என்று யாரோ எழுதிவைத்த
நானூற்றுப் பன்னிரண்டு பக்கக் கையேட்டில்
காலொடிந்த எழுத்துகளுக்குக் கட்டுப்போடுகிறவள்.

கடை பூட்டும்போது வில்பர்ட் அண்ணன் கேட்டார்:
‘ராத்திரி முழுக்க என்னத்தத் தட்டுத?’
எழுத்து திருத்துதேன்.
‘பைசா உண்டா?’
இல்ல.
‘பின்ன?’

பின்ன…

பக்கம் முப்பத்தொன்று:
‘இந்தக் கட்டளை கோப்பை அளிக்கும்.’
அழிக்கும், ஐயா, அழிக்கும்.
நம்பி அழுத்தியவன்
கையை நீட்டிக்கொண்டு காத்திருப்பான்.

பக்கம் எண்பது:
‘கனமான வேலையை முதன்மை இலையில் வைக்காதீர்கள்.’
இழை என்று மாற்றும் முன்
கொஞ்ச நேரம் அப்படியே விட்டுப் பார்த்தேன்.
தலைவாழை இலை, நடுவில் ஆவி பறக்க ஒரு பெரிய கணக்கு,
ஓரத்தில் எரிசேரி, துவரன்.
அது தீரும்வரை
பந்தி மொத்தமும் கை நனைக்காமல் உறைந்திருக்கிறது.
சொல்லப்போனால் விளக்கம் சரிதான்.
எழுத்துதான் தவறு.

‘மறை’ இருக்கவேண்டிய இடத்தில் ‘மரை’.
‘உரைப்பெட்டி’ என்பதற்கு ‘உறைப்பெட்டி’.
மற்ற ஊர்க்காரர்களுக்கு இது கண்ணில் உறுத்தும்,
அதுவும் கண்ணாடி போட்டிருந்தால்.
எங்கள் பக்கத்து நாக்கில்
இந்த இரண்டும் இன்னும் வேறு வேறு இடத்தில் போய் இடிக்கும்.
வாசிக்கும்போதே
சோற்றில் கல் கடிபட்டதுபோல் நின்றுவிடுவேன்.

இருநூற்று ஆறில்தான் மாட்டிக்கொண்டேன்.
‘விசிபிள்’ என்றொரு கட்டளை.
அழைத்தால், ஒளித்துவைத்தது திரைக்கு வரும்.
ஆங்கிலத்தில் அதன் இரண்டாம் ‘ஐ’ நிற்கவேண்டிய இடத்தில்
‘ஏ’ ஒன்று குந்தியிருந்தது.
எழுப்பிவிட்டேன். அனுப்பினேன். தூங்கினேன்.

காலையில் செர்லின் பிரபா எழுதியிருந்தாள்.
நேரில் பார்த்ததில்லை,
அவள் அரைப்புள்ளி வைக்கும் விதம் மட்டும் பழக்கம்:
‘மற்ற எல்லாவற்றையும் சேர்த்துவிட்டேன்; நன்றி.
அந்த ‘ஏ’ இருக்கட்டும்.
பிழை கையேட்டில் இல்லை; கருவியிலேயே இருக்கிறது.
பத்தொன்பது வருடம் முன்பு யாரோ அவசரத்தில் அடித்தது.
இன்று அதைத் திருத்தினால்
எங்கோ ஒரு மருந்துக்கடையில் பில் வராது;
ஏதோ ஒரு மீன்துறையில் எடை காட்டாது.
தவறாக எழுதினால்தான் தெரியும்.’

பல் துலக்கி முடித்தும் கோபம் தீரவில்லை.

சாயங்காலம் கடற்கரைக்குப் பஸ் ஏறினேன்.
நெற்றியில் குளச்சல்.
கண்டக்டர் வாயில் கொளச்சல்.
இறங்கிய இடத்துத் தையல்கடைப் பலகையில்
குளைச்சல்.
பலகைக்குக் கீழே ஒருவர்
பள்ளிச் சட்டைக்குக் காஜா எடுத்துக்கொண்டிருந்தார்.
சொல்லலாமா என்று நின்றேன்.
‘என்ன தைக்கணும்?’ என்றார்.
ஒன்றுமில்லை என்று வந்துவிட்டேன்.

ராத்திரி ஒரு குறிப்பு எழுதினேன்.
முதலில் எட்டு வரி. பிறகு ஐந்து.
கடைசியில் இவ்வளவுதான்:
‘இந்தப் பெயரில் பிழை உண்டு.
அப்படியே எழுதவும்.’
ஒற்று சரியா என்று மூன்று தரம் பார்த்தேன்.

மழை பிடித்துக்கொண்டது.
கீழே தகரக் கூரையில் யாரோ
எல்லா விசைகளையும் ஒரே நேரத்தில் அழுத்துகிறார்கள்.

பக்கம் இருநூற்று ஏழு:
‘வேலை முடிந்ததும் சாளரத்தை முடு.’
சுழியைக் கொஞ்சம் இழுத்துவிட்டேன்.
மூடிக்கொண்டது.