கீழே ஒரு புள்ளி

மூன்றாம் எண் கவுண்டர்.
காலை ஏழரைக்கே வேலூர் வெயில்
கண்ணாடிமேல் உள்ளங்கை வைத்து நிற்கிறது.

கவுகாத்தி வழியாக வந்து
காட்பாடியில் இறங்கிய மனிதர்
டிக்கெட்டின் பின்பக்கம் மனைவியின் பெயரை
நிறுத்தி நிறுத்தி எழுதி நீட்டினார்.
வாயால் சொன்னபோது லால்ட்ரான்புயி.
தாளில் ட்ர எதுவும் இல்லை.
ஆங்கில டி ஒன்று,
அதன் காலடியில் ஒரு புள்ளி: ṭ

பேனா கசிந்ததென்று நினைத்து
புள்ளியை விட்டுவிட்டு அடித்தேன்.
அவர் கண்ணாடியைத் தட்டினார்.
திரையைக் காட்டித் தலையசைத்தார்,
இது வேறு யாரோ என்பதுபோல.

என் கீபோர்டில் நூற்று நான்கு கட்டைகள்.
முற்றுப்புள்ளி இருக்கிறது,
அது பக்கத்தில் போய் உட்காரும்,
அடியில் போய்ப் படுக்காது.
வரிசையில் ஆரணிக்காரர் ஒருவர்
"இன்னாமா, பேர் அடிக்க இம்மா நேரமா?"

சர்வர் அறை ஜுனைத் போனில் சொன்னான்:
வேர்டைத் திற.
ஒன்று, ஈ, ஆறு, டி.
இடைவெளி விடாதே.
ஆல்ட்டைப் பிடித்துக்கொண்டு எக்ஸைத் தட்டு.
தட்டினேன்.
நான்கு குறிகளும் ஒன்றையொன்று விழுங்கிவிட்டு
ஒரே எழுத்தாக எழுந்து நின்றன.
அவர் முதல்முறையாகச் சிரித்தார்.

கைப்பட்டை அச்சிடும் இயந்திரத்துக்கு
இதெல்லாம் தெரியாது.
தெரியாததற்கெல்லாம் அதனிடம் ஒரே பதில்தான்.
பெயரின் நடுவே கேள்விக்குறியோடு
அந்தப் பெண் ஸ்கேனுக்குப் போனாள்.

பிற்பகலில் ரிப்போர்ட் காணோம்.
இந்தப் பெயரில் நோயாளி இல்லை என்றது திரை.
லேப்பில் பதிந்த ப்யூலா
வேறு வழியில் போயிருக்கிறாள்:
முதலில் வெறும் டி,
பிறகு தனியாக ஓர் ஒட்டுப்புள்ளி.
இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தேன்.
"ரெண்டும் ஒண்ணாத்தானேடா கீது?"
"உனக்கு," என்றான் ஜுனைத்.

வயிற்றைத் திறந்து காட்டினான்.
ஒன்றில் ஈ ஒன்று, பி ஒன்பது, ஏ டி.
மற்றதில் எழுபத்து நாலு, சி சி, ஏ மூன்று.
மூன்று பைட், மூன்று பைட்.
எடையும் ஒன்று, முகமும் ஒன்று,
ஆனால் ஆள் இரண்டு.

அப்போதுதான் அப்பா புரிந்தார்.
குடியாத்தம் தாலுகா ஆபீசில்
பொன்னுரங்கம் என்று தேடினால்
பொன்னுரங்கம் இல்லை என்றார்களே, அந்த அப்பா.
ஒரு பட்டியலில்
கொம்பும் காலும் ஒன்றாய்ப் பிறந்த பொ.
இன்னொன்றில்
கொம்பு தனியாக ஏறி, கால் தனியாக ஏறி,
வழியில் சேர்ந்துகொண்ட பொ.
நடுவில் அவர், செருப்பைக் கையில் பிடித்தபடி,
நான்தான் சார், நான்தான் சார்.

எங்கள் புள்ளி தலைமேல் உட்காரும்.
உட்கார்ந்ததும் எழுத்திலிருந்து அகரம் ஓடிப்போகும்.
இவர்கள் புள்ளி காலடியில் கிடந்து
நாக்கை மடி என்கிறது.
எந்தப் புள்ளியானாலும்
கொசு முட்டையைவிடப் பெரிதில்லை.

ஜுனைத் எதையோ ஓடவிட்டு
இரண்டு பெண்களையும் ஒன்றாக்கினான்.
இனி எப்படி அடித்தாலும் கிடைப்பாள் என்றான்.
நம்பினேன். இருந்தாலும்
மஞ்சள் சீட்டில் அந்த எண்ணை எழுதி
திரையின் ஓரத்தில் ஒட்டினேன்.
இரவு ஷிப்ட் யுவராணி
வைஃபை பாஸ்வேர்டு என்று நினைத்து
மூன்று தடவை போட்டுப் பார்த்தாளாம்.

ஐந்தரைக்கு அவர் வந்தார்.
கேள்விக்குறியின் மேல் நானே பேனாவால் எழுதிய
கைப்பட்டை அவர் சட்டைப்பையில் இருந்தது.
ரிப்போர்ட்டை நீட்டினேன்.
முதல் வரியைப் படித்தார், புள்ளியைத் தொட்டார்,
மடித்துக்கொண்டு
பெங்காலிப் பலகைகள் தொங்கும் தெருவில் இறங்கினார்.

உள்ளே என்ன எழுதியிருந்ததோ
எனக்குத் தெரியாது.
பெயர் சரியாக இருந்தது.