தொண்ணூற்று மூன்று

செவ்வாய்க்கிழமை, காலை ஒன்பதரை.
கவுண்டி நீதிமன்றத்தில் மூன்றாவது பெஞ்ச்.
கோழி ஆலையின் குளோரின் வாடை போகாத கைகளை
கோட்டுப் பைக்குள் திணித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.
எனக்கு முந்திய வழக்கு, மைத்துனனின் டிராக்டரைக்
கேட்காமல் எடுத்து ஏரிக்குள் விட்டவன்.
எல்லோரும் சிரித்தார்கள். நானும்.

வர்ஜீனியாவில் எண்பத்தைந்தைத் தாண்டினால்
வெறும் அபராதச் சீட்டோடு போகாது. குற்றம்.
என் பெயர், லோர்னா டீ காட்லாக்,
கதவில் ஒட்டிய தாளில்
செக் மோசடிக்கும் அடிதடிக்கும் நடுவில் இருந்தது.

வக்கீல் ஆம்பர்கி (அறுநூறு டாலர், இரண்டு தவணை)
முதல் நாளே கேட்டார்:
"ஆஸ்பத்திரிக்குப் போய்க்கொண்டிருந்தீர்களா?"
"இல்லை. ஆஸ்பத்திரியிலிருந்து வந்துகொண்டிருந்தேன்."
பேனாவை மூடி வைத்தார்.
"அதைச் சொல்லாதீர்கள்.
போகிறவள்மேல் இரக்கம் வரும்.
திரும்புகிறவளுக்கு என்ன அவசரம் என்பார்கள்."

என்ன அவசரம்.

ரோனோக்கில், நான்காவது மாடியில், ராஸ்.
விவாகரத்தாகிப் பதினோரு வருஷம்.
அவனுடைய இப்போதைய மனைவிதான் போன் செய்தாள்,
நல்லவள், நாற்காலியை எனக்கு விட்டுவிட்டு
காப்பி வாங்கப் போனாள், வெகுநேரம் வரவில்லை.
அவன் கண் திறந்தான்.
மன்னிப்பு என்றோ லோர்னா என்றோ
ஏதோ ஒன்று வரும் என்று குனிந்தேன்.
"பியூக்குக்கு ஆயில் மாற்றினாயா?" என்றான்.

அவ்வளவுதான்.
அதற்குப் பிறகு நெடுஞ்சாலை எண்பத்தொன்று,
மழை விட்டிருந்த சாலை, காலின் கீழே மிதி,
மிதி மட்டும்.

"முள்ளைச் சோதித்து வாருங்கள்" என்றார் ஆம்பர்கி.
"பழைய வண்டி. குறைத்துக் காட்டினால் நமக்கு நல்லது,
உங்களுக்கே தெரியாமல் ஓட்டினீர்கள் என்போம்."
கராஜில் எழுபது டாலர்.
பையன் சக்கரங்களை உருளைமேல் ஏற்றி ஓட்டினான்.
"மேடம், இந்த வயசு வண்டியில்
இவ்வளவு நேர்மையான முள்ளைப் பார்த்ததில்லை."
ஏதோ பரிசு தருவதுபோல் சான்றிதழை நீட்டினான்.
ஆம்பர்கி அதைப் படித்து, நான்காக மடித்து,
என் கைப்பைக்குள் தானே வைத்தார்.

இப்போது டிரூப்பர் கெஸிங்கர் எழுந்து நிற்கிறான்.
காது மடல்கள் சிவந்த சின்னப் பையன்.
ரேடார் சரியா என்று பார்க்க
இரண்டு இசைக்கவைகள் வைத்திருக்கிறார்களாம்,
தட்டி முன்னால் பிடித்தால்
ஓடாத வண்டியின் வேகத்தை அது படிக்குமாம்.
அந்தக் கவைகளுக்கும் ஒரு சான்றிதழ் உண்டாம்.
"தேதி?" என்கிறார் ஆம்பர்கி.

நீதிபதி அம்மா கண்ணாடியை ஏற்றிக்கொண்டு
விரல்விட்டு மாதங்களை எண்ணுகிறாள்.
ஆறு மாதம் பதினோரு நாள்.
ஆறுதான் செல்லும்.
"தள்ளுபடி."

ஆம்பர்கி என் முழங்கையைத் தொடுகிறார்: கிளம்புங்கள்.
நான் ஏனோ நின்றுகொண்டிருக்கிறேன்.
இந்த அறையில் அந்த வேகத்தை இனி யாரும் நம்ப வேண்டியதில்லை,
கைப்பைக்குள் நான்காக மடிந்திருக்கும் தாளைத் தவிர,
என்னைத் தவிர.

கெஸிங்கர் கதவைப் பிடித்துக்கொண்டு நிற்கிறான்.
"விளக்கைப் போட்டதும் ஓரம் கட்டினீர்கள், மேடம்.
பலர் கட்டுவதில்லை."
தொண்ணூற்று மூன்றுதான் தம்பி, நீ சரியாகத்தான் பார்த்தாய்
என்று நாக்கு நுனிவரை வந்தது.
"நன்றி" என்றேன்.

வீடு திரும்பும் வழியில் ஐம்பத்தெட்டு.
முள் ஐம்பத்தெட்டு என்றால் ஐம்பத்தெட்டு.
கண்ணாடி மூலையில் ஆயில் மாற்றச் சொல்லும் ஒட்டுத்தாள்,
தொள்ளாயிரம் மைல் முன்பே மாற்றியிருக்க வேண்டும்.
கூண்டு கூண்டாகக் கோழி ஏற்றிய லாரி ஒன்று
ஹாரன் அடித்து என்னைத் தாண்டிப் போகிறது,
எங்கள் ஆலைக்குத்தான்.
வெள்ளை இறகுகள் கண்ணாடியில் வந்து ஒட்டுகின்றன.
வைப்பரைப் போடுகிறேன்,
ஈரமாகி இன்னும் ஒட்டுகின்றன.