சொல்ல ஒன்றுமில்லை

இந்தச் சனிக்கிழமை என் முறை.
நான்கு பேருக்கு ஒரு விமானம்,
மஞ்சள் நிறம், இரண்டு இருக்கை, நாற்பத்தேழு வயது.
இடது கதவை இருமுறை அடித்துச் சாத்த வேண்டும்.
மாலைக்குள் திரும்ப வேண்டும்,
அதற்குள் எங்கே போவது?
பெட்ரோலைவிட அதிகம் எரிவது
இந்தக் கேள்விதான்.

கொட்டகை ஆணியில் தொங்கும்
நீல அட்டை நோட்டைப் பிரிக்கிறேன்.
போய் வந்தவர் எழுதிவைக்க வேண்டும்,
எங்களுக்குள் அது ஒன்றுதான் சட்டம்.

யூயிஸ்ட். ஹவுகவின் சாய்ந்த எழுத்து:
"கார் இல்லாத தீவு, குதிரை வண்டிதான்.
நான் இறங்கியதைப் பார்த்து
வண்டிக்காரன் கைதட்டினான்,
கேலியா தெரியவில்லை.
பக்கவாட்டில் காற்று.
திரும்பும் வரை மனைவி பேசவில்லை."

ஹெல்கோலாந்து, இம்கே எழுதியது:
"ஓடுபாதை கைக்குட்டை அளவு, பிறகு கடல்.
மணலில் படுத்திருக்கும் சீல்கள்
மதிய உணவுக்குப் பிந்தைய அலுவலர்கள்போல
நம்மை ஒருமுறை பார்த்துவிட்டுத் திரும்பிக்கொள்ளும்."

எல்லைக்கு அப்பால் டென்மார்க்கில் ஒரு வயல்:
"பிளம் கேக். இரண்டு துண்டு தின்றால்
எடைக் கணக்கைத் திருத்தவும்.
இறங்கு கட்டணத்தைத் தகர டப்பாவில் போடலாம்.
டப்பாவுக்குப் பூட்டு இல்லை.
அது நிரம்பியிருப்பதைப் பார்க்கவே
இன்னொருமுறை போகலாம்."

முப்பத்தொன்றாம் பக்கத்தில் ட்யார்க்.
ஒரு கோப்பைக் காப்பிக்கே
ஒன்றரைப் பக்கம் எழுதுகிற ட்யார்க்:
"வெஸ்டர்மூர். புல்தரை, அறுநூறு மீட்டர்.
சொல்ல ஒன்றுமில்லை."
ஓரத்தில் கட்டைவிரல் அளவு
எஞ்சின் எண்ணெய்க் கறை.

புரட்டினேன்.
மே மாதம் வெஸ்டர்மூர். சொல்ல ஒன்றுமில்லை.
ஜூனில் அதே. ஆகஸ்டில் இருமுறை அதே.
ஒவ்வொன்றின் பக்கத்திலும் அதே கறை.
சொல்ல ஒன்றுமில்லாத இடத்துக்கு
ஒரு மனிதன் ஐந்துமுறை போவானேன்?

மூடுபனி விலகப் பத்து மணி ஆனது.
நான், தண்ணீர், ஓர் ஆப்பிள்.
கீழே வாய்க்கால்கள்
கோடு போட்டுக் கோடு போட்டு
பசுமையைப் பங்கு பிரித்திருந்தன.
காற்றாலைகள் அத்தனையும்
ஒரே திசையில் முகம் திருப்பி
காற்றைக் காட்டிக்கொடுத்தன.
வானொலியில் இருமுறை வணக்கம் சொன்னேன்.
வெஸ்டர்மூர் பதில் சொல்லவில்லை.

புல்வெட்டும் டிராக்டர் ஒன்று
ஓடுபாதையை விட்டு ஒதுங்கி நின்றது.
இறங்கினேன், கொஞ்சம் குதித்து.
கைதட்ட யாருமில்லை.

காப்பிக் கடை இல்லை. வாடகைச் சைக்கிள் இல்லை.
ஒரு பெஞ்சு, ஒரு குழாய்,
ஒட்டுப்போட்ட காற்றுப்பை.
டிராக்டர்காரர் மஞ்சள் விமானத்தைப் பார்த்தார்:
"வழக்கமாக உயரமானவர்தானே வருவார்?"
"வந்து என்ன செய்வார்?"
யோசித்தார், நியாயமாகவே யோசித்தார்.
"உட்காருவார்" என்றார்.
சாப்பிடப் போய்விட்டார்.

உட்கார்ந்தேன்.
சூடு ஆறும் எஞ்சின்
டிக், டிக் என்று
தன்னிடமே ஏதோ எண்ணிக்கொண்டிருந்தது.
கடைசி டிக் எது என்று காத்திருந்தேன்,
தவறவிட்டேன்.
ஒரு முயல் ஓடுபாதைக்கு வந்து
இரண்டு பக்கமும் பார்த்து
(பல விமானிகளைவிடக் கவனமாக)
குறுக்கே கடந்தது.
வெட்டிய புல் வெயிலில் வாசம் மாறியது.
உயரம், வேகம், எரிபொருள், மணி
எதையும் யாரும் கேட்கவில்லை.
கேட்டிருந்தாலும் எனக்குத் தெரிந்திருக்காது.
நான்கு மணி நேரம் ஆகியிருந்தது.

கட்டணப் பெட்டி இல்லாததால்
பெஞ்சில் ஆப்பிளை வைத்துவிட்டுக் கிளம்பினேன்.

மாலை, கொட்டகையில் ஹவுக:
"எங்கே போனாய்? நன்றாக இருந்ததா?
அடுத்த வாரம் மனைவியின் அண்ணன் குடும்பமும் வருகிறது,
வாடகைக்கு இன்னொரு விமானம் எடுக்கிறோம்,
நல்ல இடமாகச் சொல்லேன்."

பிளம் கேக்கைச் சொன்னேன்.
கிரீமைப் பற்றி நீளமாகச் சொன்னேன்.

அவன் போனபின் நோட்டை எடுத்து
தேதி போட்டு எழுதினேன்:
"வெஸ்டர்மூர். சொல்ல ஒன்றுமில்லை."
எண்ணெய் அளவுகோலை உருவித் துடைத்த கட்டைவிரலை,
பிறந்த குழந்தையின் கன்னத்தில்
மைப்பொட்டு வைப்பதுபோல,
அந்த வரியின் ஓரத்தில்
மெல்ல ஊன்றினேன்.