வலை, அடுத்த மாதம்

பத்து வருசமாய் நான்தான்
வெண்சங்கு விளையாட்டுக் கழகத்தின் பொருளாளர்.
பொருள் ஒருநாளும் இருந்ததில்லை.
கூட்டுறவுச் சங்கத்தில் அரிசி நிறுத்துக் கொடுத்துவிட்டு
நாலரைக்கு மைதானத்துக்கு வருவேன்,
கைப்பையில் கணக்குக் கொப்பி,
றப்பர் வளையம் போட்ட சில்லறைத் தாள்கள்,
முழங்கால்களுக்கு ஒரு போத்தல் நோவெண்ணெய்.

திருகோணமலை லீக்கில் எங்களுக்கு சி டிவிஷன்.
டி என்று ஒன்று இல்லாததால்
கீழே இறங்கவும் வழியில்லை.

கொப்பியைப் புரட்டினால்:
கோடு போடச் சுண்ணாம்பு, அறுநூற்று ஐம்பது.
நடுவருக்குத் தேத்தண்ணி, வடை.
மூதூர் போய்வந்த வான், அரைவாசி கடன்.
கட்டாரிலிருந்து டிலக்சன் அனுப்பியது (ஒரேயொரு முறை).
வலை, அடுத்த மாதம்.
வலை, அடுத்த மாதம்.

இத்தனைக்கும் எங்கள் பெடியளில் எட்டுப்பேர்
வலையிலேயே வாழ்கிறவர்கள்.
மீன்பாடு நல்லதென்றால் ஆட்டத்துக்கு ஆளில்லை.
ஆட்டத்துக்கு ஆள் வந்தால்
அன்றைக்கு யாரோ வீட்டில் உலை இல்லை.

போன கிழமை மேசையில் வைத்த வீரர் பட்டியலை
கோட்டைப் பக்கமிருந்து வந்த மான் ஒன்று தின்றது.
செயலாளர் திரும்ப எழுதினார்.
மான் தின்றது பதினொரு பேரை,
அவர் எழுதியது ஒன்பது.

விதி இதுதான்: ஏழுபேர் இறங்கினால் ஆட்டம்.
ஆறென்றால் எதிரணிக்கு வெற்றி,
எங்களுக்கு ஐயாயிரம் தண்டம்.
தோற்பதற்குத் தண்டமில்லை.
தோல்வி மலிவு.
இந்த வருசம் முழுக்க மலிவாகவே வாழ்ந்தோம்,
பதின்மூன்று ஆட்டம், வாங்கியது அறுபத்திரண்டு,
அடித்தது சைபர்.

கடைசி ஆட்டத்துக்குக் கிண்ணியாக்காரர்
இரண்டு வானில் வந்தார்கள்,
எல்லார் காலிலும் ஒரே நிறச் சொக்ஸ்.
நாங்கள் ஆறுபேர்.
நடுவர் நளீம் சேர் மணிக்கூட்டைப் பார்க்க,
நான் ஐயாயிரத்தை மனதுக்குள் எண்ண,
யூஜின் ஓடி வந்தான்,
கழுத்தில் காய்ந்த உப்போடு, இரவு முழுக்க நித்திரையில்லாமல்.
எங்கள் கோலி. முதுகில் ஒன்பதாம் இலக்கம்.
ஒன்றாம் இலக்கம் கொடியிலிருந்து பறந்து
கடலுக்குப் போய் இரண்டு வருசம்.

எழுபத்தோராம் நிமிடம், ஒன்பதுக்குச் சைபர்.
ஆபத்தை வெளியே தள்ளத்தான் அடித்தான் கோகுலராஜ்,
எங்கள் பாதியிலிருந்து, கண்ணை மூடிக்கொண்டு.
கச்சான் காற்று பந்தைத் தூக்கியது.
கிண்ணியாக் கோலி பின்னால் ஓடினான், ஓடினான்,
பந்து கம்பத்துக்குக் கீழே இறங்கி
வலையின் ஓட்டையால் புகுந்து
வீதிக்குப் போய்
கந்தளாய் பஸ்ஸின் சில்லுக்குள் வெடித்தது.

மான்கள்கூடத் தலையைத் தூக்கின.

நளீம் சேர் மெல்ல நடந்து வந்தார்.
ஓட்டைக்குள் கையை விட்டார்,
தோள்மட்டும் போனது.
“நான் பந்தைக் கண்டது றோட்டில.
வலை இருந்தா வலையே சொல்லியிருக்கும்.”
பெடியளைப் பார்க்கவில்லை அவர்.
என் மடியிலிருந்த கொப்பியைத்தான் பார்த்தார்.

கோல் இல்லை.

வான் கிளம்புகிற நேரம்
கிண்ணியாக் கோலி என்னிடம் வந்தான்,
மீசை அரும்பாத பிள்ளை.
“அக்கா, அது உள்ளுக்கால போன பந்துதான்.”
சொல்லிவிட்டு ஓடிப்போய் ஏறிக்கொண்டான்.
அவனைக் கோபிக்க எனக்கு வரவில்லை.
பந்து ஒன்று, ஏழாயிரத்து முந்நூறு, என்று எழுதினேன்.

மற்றவர்கள் போய்விட்டார்கள்.
யூஜின் மட்டும் கோல் கம்பத்தடியில் குந்தியிருந்து
மோட்டார்சைக்கிள் பெட்டியிலிருந்த
ஊசியும் நைலோன் நூலுமாய்
ஓட்டையைப் பொத்திக்கொண்டிருந்தான்.
இருட்டில் தடவிப் பார்த்தேன்,
சூடை மீனும் தப்பாத கண்.
“பந்துக்கு இவ்வளவு சின்னக் கண் வேணுமா?”
“கை பழகிப்போச்சு அக்கா.”

என் கையும்தான்.
கொப்பியைத் திறந்து, வலை, என்று எழுதினேன்.
அது தானாகவே
அடுத்த மா
வரைக்கும் போய்விட்டது.