ஜாமியம் நின்றவன்

கொல்லம் ஆயிரத்து நூற்றிருபத்திரண்டு, மீனம் பதினொன்று.
சங்கு முத்திரைத் தாள். மலையாள எழுத்து.
நாலாயிரத்து இருநூறு சக்கரம்.
ஈடு, புளியறை ஓடைக்கரையில் எண்பது தென்னை.

அதை முடித்து வைக்கத்தான் வந்திருந்தார்கள்
ஐம்பத்தேழு பிப்ரவரியில்,
செங்கோட்டைப் பதிவு ஆபீஸுக்கு எதிரே
ஒரு கால் குட்டையான என் மேசைக்கு.

ஐப்பசி வரைக்கும் எல்லாருக்கும் ஒரே சர்க்கார்.
இப்போது வாங்கிய உச்சிமாகாளி மெட்ராஸ்காரர்.
கொடுத்த இட்டூப்பு மாப்பிள்ளை
புனலூரில் இருந்த இடத்திலேயே இருந்து
கேரளக்காரர் ஆகிவிட்டார்.
நாளைக்கு வழக்கென்றால் எந்தக் கோர்ட்டு, எந்தச் சட்டம்?
"புதுசா ஒண்ணு எழுதிரும்வே."

இருபத்தெட்டரைச் சக்கரம் ஒரு ரூபாய்.
வகுத்தேன்.
நூற்று நாற்பத்தேழு ரூபாய், ஐந்தணா, பத்துப் பை.
அதற்கும் கீழே கொஞ்சம் மிஞ்சியது,
எந்த ராஜ்யத்துக் காசிலும் சேராமல்.
விட்டுவிட்டேன்.

'மேற்படிக் கடன் இன்றோடு தீர்ந்து
அதன் ஸ்தானத்தில் இக்கடன் ஏற்பட்டது.'
எழுதும்போதே எனக்குப் பிடித்துப்போன வரி.
பழைய தாளின் குறுக்கே சிவப்பு மையில்
மூலைக்கு மூலை கோடிழுத்தேன்.

அதுவரை வேப்பமரத்தடியில் நின்றவன்
அப்போதுதான் கிட்டே வந்தான்.
ஆரியங்காவு நீலாண்டன். மரம் இழுக்கும் வண்டிக்காரன்.
"இதுல எம் பேரு எங்க?"

கடன் தீர்ந்தால் ஜாமியமும் தீரும் என்றேன்.
நீ கேட்காமலே விடுதலை, போ, சந்தோஷமாய் இரு.

அவன் போகவில்லை.
அந்தக் கையெழுத்தைப் படிக்க மூன்று நாள் ஆனதாம்,
மாட்டுக் கொட்டிலில், கரிக்கட்டியால்.
வேறெந்தத் தாளிலும் அவன் பேர் கிடையாதாம்.
பத்து வருஷம் மாகாளி வட்டி தவறாதது
யார் முகத்துக்காக என்று நினைத்தீர்?

இட்டூப்பு தொண்டையைச் செருமினார்.
மாகாளி செருப்பைப் பார்த்தார்.
"ஜாமீன் வேண்டாமென்று அவரே சொல்லும்போது
நான் எப்படிச் சேர்க்க?
சாட்சியாக வேண்டுமானால் போடு."

"சாச்சி பாத்தவன்" என்றான்.
"நான் நின்னவன்."

புதுத் தாளைத் தொடவே இல்லை.
பழையதைக் கையில் எடுத்தான்,
விரலால் தன் பேரைத் தேடினான்.
என் சிவப்புக் கோடு 'ண்ட'வின் மேல் போயிருந்தது.

"கொஞ்சம் தள்ளி இழுத்திருக்கலாம்."

மலைப்பாதையில் வண்டிமணி கேட்கும் வரை
நாங்கள் மூவரும் பேசவில்லை.
பிறகு இட்டூப்பு கேட்டார்,
எழுத்துக்கூலி யார் தருவதென்று.